பெட்டிக் கதவை அறைந்த கை

யார்டில் யாரைப் பார்த்தாலும் என் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறார்கள். மணிக்கட்டில் தொடங்கி, சுண்டுவிரல் பக்கமாக வளைந்து மேலே போகும் தழும்பு ஒன்று அங்கே இருக்கிறது. "இன்னா யக்கா, மிஷின்ல மாட்டிக்கிச்சா?" என்கிறார் ஒரு டிரைவர். "புத்துநோயாமே?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை. அதனால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். எழுதுவதும் அதே கைதான்.

என் பெயர் யசோதரா. வயது நாற்பத்து மூன்று. எம்.கே.பி. நகரில் குடியிருப்பு. திருவொற்றியூருக்கும் மணலிக்கும் நடுவே காலி கன்டெய்னர்களை வாங்கி அடுக்கும் யார்டு ஒன்றில் சர்வேயர். கப்பலில் வந்த பெட்டி கம்பெனிகளில் சரக்கை இறக்கிவிட்டுக் காலியாக எங்களிடம் திரும்பும். பள்ளம், துரு, உடைந்த தரைப் பலகை, உள்ளே என்ன நாற்றம், எல்லாவற்றையும் பார்த்து எழுத வேண்டும். நான் உள்ளே போய் நின்றுகொண்டு இரண்டு கதவையும் வெளியிலிருந்து சாத்தச் சொல்வேன். கூரையில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அந்தப் பெட்டி தேறாது.

இதே யார்டில் முதலில் நான் பெட்டிகளைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். துடைப்பத்தோடு உள்ளே போனவள் அட்டையும் பேனாவுமாக உள்ளே போக ஆறு வருடம் பிடித்தது. சர்வேயர்கள் சத்தமாகச் சொல்லிச் சொல்லி எழுதுவதைப் பெருக்கிக்கொண்டே கேட்பேன். ஒருநாள் அவர்கள் எழுதாமல் விட்ட ஓட்டையை நான் காட்டினேன். அதிலிருந்துதான் எல்லாம். இன்றைக்கும் அங்கே நான் ஒருத்திதான் பெண் சர்வேயர்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பெட்டிக் கதவில் மேலிருந்து கீழாக இரும்புக் கம்பிகள் இருக்கும். அவற்றைப் பூட்டக் கைப்பிடிகள். கடல் காற்றில் துரு ஏறி இறுகிக் கிடக்கும், தள்ளினால் போகாது. உள்ளங்கையின் அடிப்பகுதியால், சுண்டுவிரல் பக்கம் இருக்கும் சதைமேட்டால், ஓங்கி ஓர் அறை விட்டால் போய் உட்காரும். ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது பெட்டி. மற்றவர்கள் இரண்டு மூன்று அடி அடிப்பார்கள். எனக்கு ஒரே அடி. அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைப்பானேன்.

சென்ற மழைக்காலத்தில் வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப் போக ஆரம்பித்தன. பேனா பிடித்து எழுதியதால் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் ராஜு காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஒருநாள் சாயங்காலம் டீ டம்ளரை என் கையிலிருந்து வாங்கியவர் அப்படியே விரலைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தான் நாள் பூரா ஐஸ்ல கைய வெச்சிக்கினு வர்றேன். என்னுதவிட உன் வெரலு சில்லுனு கீதே யசோ."

"மழைக்கு அப்டித்தான் இருக்கும்."

"மூணு வெரலு சூடா கீது. ரெண்டு மட்டும் சில்லுனு கீது. மழை இன்னா வெரலு பாத்தா பெய்யுது?"

அப்போதும் நான் போகவில்லை. பிறகு உள்ளங்கை மேட்டில் பட்டாணி அளவு ஒரு கட்டி தெரிந்தது. தை மாதத்தில் அது கோலிக்குண்டு அளவு ஆனது. மோதிர விரல் நுனியில் ஒரு கரும்புள்ளி விழுந்து, தண்ணீர் பட்டாலே உயிர் போகும்போல் வலித்தது. அதன் பிறகுதான் பக்கத்தில் இருக்கும் கிளினிக்குக்குப் போனேன்.

டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, சாதாரண நீர்க்கட்டி, பத்து நிமிடத்தில் கீறி எடுத்துவிடலாம் என்றார். மறுநாள் காலை மேசையில் படுக்கவைத்து, கையை மருந்து போட்டுக் கழுவி, மேலே விளக்கைப் போட்டார்கள். அந்த வெளிச்சத்தில் நான் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டி மெதுவாக எழும்பித் தாழ்ந்தது. மறுபடி எழும்பியது.

"டாக்டர், இது துடிக்குது."

"பயத்துல அப்படித்தான் தெரியும்மா."

"எனக்குப் பயம் இல்ல டாக்டர். ஒரு தபா வெரல வெச்சுப் பாருங்க."

அவர் விரலை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. பிறகு கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றினார். "எழுந்திருங்கம்மா. நான் தொட மாட்டேன். நீங்க சொல்லலைன்னா இன்னைக்குப் பெரிய தப்பு நடந்திருக்கும்" என்றார். பெரிய அரசு மருத்துவமனைக்கு அவரே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, வெளியே வந்து ராஜுவிடமும் பேசினார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். தன் தப்பை நோயாளியின் முகத்துக்கு நேராக ஒப்புக்கொள்ளும் டாக்டரை அன்றுதான் பார்த்தேன்.

அரசு மருத்துவமனையில் நோய்க்குப் பெயர் சொன்னார்கள். அனியூரிசம். சுத்த ரத்தம் ஓடும் குழாயின் சுவர் ஓரிடத்தில் பலவீனப்பட்டு பலூன்போல் வீங்குவது. லாரி டயரின் பக்கவாட்டில் சில சமயம் கொப்புளம்போலப் புடைத்துக்கொண்டு நிற்குமே, அதேதான். மூளையிலும் வயிற்றிலும் வருவது உண்டாம். கையில் வருவது மிக அரிது. வீங்கிய இடத்தில் ரத்தம் தேங்கி உறையும். அந்தத் துணுக்குகள் பிய்த்துக்கொண்டு போய் விரலின் சின்னக் குழாய்களை அடைக்கும். என் இரண்டு விரல் சில்லிட்டதும் கரும்புள்ளி விழுந்ததும் அதனால்தான். அப்படியே விட்டால் விரல் கருகும். எடுக்க வேண்டி வரும்.

"எடுக்க வேண்டி வரும்" என்ற பிறகு டாக்டர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. வெளியே பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் இருந்தவருக்கு இரண்டு விரல்கள் பாதியோடு நின்றிருந்தன. அவர் சாதாரணமாக அந்தக் கையால் பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். என்னால் பார்க்க முடியவில்லை. சுண்டுவிரலும் மோதிர விரலும் இல்லாமல் அட்டையை எப்படிப் பிடிப்பது, ஏணியில் எப்படி ஏறுவது என்று மனசு கணக்குப் போட்டது.

வீக்கம் ஏன் வந்தது என்று அவர்களுக்குப் புரியவில்லை. இதயத்தில் கிருமி தங்கியிருக்கிறதா என்று எக்கோ எடுத்தார்கள். மூட்டுவாதமா, ரத்தக்குழாய் அழற்சியா என்று நாலு முறை ரத்தம் எடுத்தார்கள். எதிலும் ஒன்றும் இல்லை. இரண்டு வாரம் இப்படியே ஓடியது. வேலைக்குப் போவதை நிறுத்தச் சொல்லியிருந்ததால், தினமும் காலை ராஜுவும் நானும் பஸ் ஏறிப் போவோம். ஒவ்வொரு வரிசையிலும் உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து எழுந்து முன்னால் நகர்வோம்.

ஒருநாள் இளம் டாக்டரம்மா ஒருவர் ராஜுவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் திரையை இழுத்துவிட்டார். "வீட்ல அம்மி, உரல் ஏதாவது உபயோகிக்கிறீங்களா?"

"மிக்ஸிதாங்க."

"துணி அடிச்சுத் துவைப்பீங்களா?"

"மெஷின் கீது."

அவர் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "தப்பா நினைக்காதீங்க. வீட்ல யாராவது உங்களை அடிக்கிறாங்களா? தடுக்கும்போது கையில அடி படுதா?"

திரைக்கு அந்தப் பக்கம், என் பையையும் தண்ணீர் பாட்டிலையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ராஜுவை நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"அவரு ஈ எறும்பக்கூட அடிக்க மாட்டாரு டாக்டர். நான்தான் அடிக்கிறேன்."

"நீங்களா? யாரை?"

"கன்டெய்னர. டெய்லி அறுவது பெட்டி."

அவர் என் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று இருந்தது. பதிவு செய்யும் இடத்தில் யாரும் என்னைக் கேட்கவில்லை. என்னைப் பார்த்துவிட்டு அவர்களாகவே போட்டது. நானும் படித்துப் பார்க்கவில்லை. ஊரிலுள்ள பெட்டிகளில் ஓட்டை கண்டுபிடிக்கிறவள் என் சீட்டைப் படிக்காமல் இரண்டு வாரம் சுமந்திருக்கிறேன்.

எழுந்து போய் அங்கிருந்த இரும்பு பீரோ கதவின்முன் நின்று, இப்படித்தான் என்று கையை ஓங்கினேன். டாக்டரம்மா பாய்ந்து வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "போதும், போதும். புரிஞ்சுடுச்சு." பிறகு அந்தச் சீட்டில் இல்லத்தரசியை அடித்துவிட்டு, நான் சொல்லச் சொல்ல 'கன்டெய்னர் சர்வேயர்' என்று எழுதினார்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. உள்ளங்கை மேட்டுக்குள் கொக்கிபோல் ஒரு சிறு எலும்பு இருக்கிறது. அதை ஒட்டித்தான் அந்த ரத்தக்குழாய் போகிறது. ஒவ்வொரு அறைக்கும் குழாய் அந்த எலும்பில் மோதி நசுங்கியிருக்கிறது, பதினோரு வருடமாக. சுத்தியல்போலக் கையைப் பயன்படுத்துகிறவர்களுக்கு வருவதாம். மெக்கானிக்குகள், தச்சர்கள், பெரும்பாலும் ஆண்கள்.

பெரிய டாக்டர் என் மணிக்கட்டின் இரண்டு பக்கத்தையும் தன் கட்டைவிரல்களால் அழுத்திக்கொண்டு, கையை மூடி மூடித் திறக்கச் சொன்னார். உள்ளங்கை வெள்ளையாக வெளுத்தது. கட்டைவிரல் பக்கத்தை அழுத்தியபடியே சுண்டுவிரல் பக்கத்தை மட்டும் விட்டார். சில நொடிகளில் சிவப்பு ஏற வேண்டுமாம். எனக்கு வெளுப்பு அப்படியே நின்றது. பிறகு நரம்பில் மருந்து ஏற்றி ஸ்கேன் எடுத்தார்கள். மருந்து போகும்போது உடம்பெல்லாம் வெந்நீர் ஓடுவதுபோல் சூடாக இருக்கும், பயப்பட ஒன்றும் இல்லை. படத்தில் நேராகப் போக வேண்டிய குழாய் பிழிந்த துணிபோல் முறுக்கிக்கொண்டு, நடுவில் உருண்டையாக நின்றது. அதற்கு மேலே இரண்டு விரலுக்குப் போகும் கோடுகள் பாதியில் காணாமல் போயிருந்தன.

பெரிய டாக்டர் இரண்டு வழி சொன்னார். வீங்கிய குழாயை வெட்டி எடுத்து இரண்டு முனையையும் கட்டிவிடலாம். சின்ன ஆபரேஷன். விரல் ஒருவேளை பிழைக்கும், ஆனால் ரத்தம் குறைவாகத்தான் வரும், குளிரிலும் வேலையிலும் வலிக்கும். இன்னொரு வழி, முன்கையிலிருந்து ஒரு சிரையை எடுத்து அந்த இடத்தில் வைத்துத் தைப்பது. மைக்ரோஸ்கோப் வழியாக, தலைமுடியைவிட மெல்லிய நூலால். நாலு ஐந்து மணி நேரம் ஆகும். தைத்த குழாய் அடைத்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. "யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க" என்றார்.

கேன்டீனில் ராஜு இரண்டு டீ வாங்கி வந்து குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"சின்னதே பண்ணிக்கலாம் யசோ. இன்னாத்துக்கு ரிஸ்கு. நீ வேலைக்குப் போவ வாணாம். என் சம்பாத்தியத்துல ஓட்டிக்கலாம்."

"சம்பாத்தியத்தப் பத்தி நான் பேசலய்யா."

"பின்ன?"

"வூட்ல உக்காந்தா எனக்குக் கை இருந்து இன்னா, இல்லாங்காட்டி இன்னா. நான் பெருக்கினு இருந்தவ. அந்தப் பெட்டிய எழுதறதுக்கு நான் எவ்ளோ பாடுபட்டேன்னு உனக்குத் தெரியும்."

அவர் ஆறிப்போன டீயை ஒதுக்கி வைத்தார். கண் கலங்கியிருந்தது. "கை உன்னுது. நீ சொல்லு, நான் கையெழுத்துப் போடறேன்."

"என் கையெழுத்த நானே போடறேன். நீ கூட நில்லு."

ஆபரேஷன் அன்று நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். தோள் எலும்புக்கு மேலே ஒரு ஊசி போட்டதும் கை முழுவதும் மரத்து, யாரோ ஒருவருடைய கைபோல் பக்கத்தில் கிடந்தது. முகத்துக்கும் கைக்கும் நடுவே பச்சைத் துணி கட்டியிருந்தார்கள். பெரிய டாக்டர் அவ்வப்போது சொல்லிக்கொண்டே வேலை செய்தார். சிரைக்குள் ஒரு பக்கம் மட்டுமே திறக்கும் வால்வுகள் இருக்குமாம். அதனால் அதைத் தலைகீழாகத் திருப்பித்தான் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் ரத்தம் போகாது. "நீங்க பெட்டியில ஓட்டை தேடுவீங்கல்ல, நாங்களும் இப்ப அதைத்தான் தேடறோம். தையல்ல கசியுதான்னு" என்றார்.

கடைசியில் இடுக்கியை எடுத்துவிட்டு, ஒரு சின்னக் கருவியை விரலில் வைத்தார்கள். ரத்தம் ஓடினால் ஒலி எழுப்பும் கருவி அது. முதலில் வெறும் இரைச்சல். பிறகு உஸ், உஸ் என்று சைக்கிளுக்குக் காற்றடிப்பதுபோல் ஒரு சத்தம். "கேட்குதாம்மா? உங்க மோதிர விரல்" என்றார் டாக்டரம்மா. துணிக்கு இந்தப் பக்கம் என் கண்ணீர் காதுக்குள் வழிந்தது. இடது கையில் சொட்டு மருந்து ஏறிக்கொண்டிருந்தது, துடைக்க எனக்குக் கை இல்லை. மயக்க மருந்து டாக்டர் பஞ்சால் துடைத்துவிட்டார்.

பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக் கூடாது. என் யார்டில் கணினியில் பதிவு ஏற்றும் நசீமா, வண்ணாரப்பேட்டைக்காரி, மூன்று நாள் லீவு போட்டு வந்துவிட்டாள். தலை வாரிப் பின்னி, சோறு ஊட்டிவிட்டாள். காபி, டீ கூடாது, குழாய் சுருங்கிவிடும் என்று சொல்லிவிட்டார்கள். ராஜு காலையும் மாலையும் கேழ்வரகுக் கஞ்சியைப் பிளாஸ்கில் கொண்டுவந்து கேட்டில் கொடுப்பார். அவரும் அந்த நாட்களில் டீ குடிக்கவில்லை என்று பிறகு நசீமா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நர்ஸ் மணிக்கு ஒருமுறை வந்து நகத்தை அழுத்தி விடுவார். வெளுத்து உடனே சிவந்தால் ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். நசீமா இதைப் பார்த்துவிட்டு, யார்டில் நாங்கள் எழுதும் சர்வே தாள்போலவே ஒரு நோட்டில் கட்டம் போட்டாள். நேரம், விரல், நிறம், சூடு. அரை மணிக்கு ஒருமுறை தானே அழுத்திப் பார்த்து எழுதினாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் நோட்டைப் பார்த்துக்கொண்டே எழுந்து போனாள். "சிஸ்டர், ஆறு மணிக்கு ரோஸா இருந்துச்சு. ஆறரைக்கு வெளுப்பு. இப்ப அழுத்தினா கலரே வரல. நீங்க வந்து பாருங்க."

டாக்டர்கள் ஓடி வந்தார்கள். கருவியை வைத்தால் சத்தம் வெகு தூரத்திலிருந்து கேட்பதுபோல் இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கை வீங்கிக் கட்டு இறுகியிருந்தது. கட்டைப் பிரித்துத் தளர்த்தி, மின்விசிறியை நிறுத்தி, சூடு கொடுத்து, ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தைக் கூட்டினார்கள். அதிலும் நிறம் வராவிட்டால் மறுபடி கையைத் திறக்க வேண்டும் என்றார்கள். பக்கத்தில் நசீமா உதட்டுக்குள் துவா ஓதுவது கேட்டது. அரை மணி நேரம். பிறகு, "வந்துகினு கீது யக்கா. வந்துகினு கீது" என்றாள். கண்ணைத் திறந்தேன். நகத்தடியில் மெல்ல நிறம் ஏறிக்கொண்டிருந்தது.

பெரிய டாக்டர் அந்த நோட்டை வாங்கிப் புரட்டினார். "இந்தம்மா எந்த நர்சிங் காலேஜ்?"

"கன்டெய்னர் யார்டு டாக்டர்" என்றாள் நசீமா.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் மாணவர்களை அழைத்து வந்து என் கட்டிலைச் சுற்றி நிறுத்தினார் பெரிய டாக்டர். பாடம் அவர் எடுக்கவில்லை, என்னைச் சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். ஒரு மாணவி, "சுத்தியலால அடிக்கலாமே?" என்று கேட்டாள்.

"இரும்பு சுத்தியால அடிச்சா கைப்பிடி நசுங்கும், பெயிண்டு போவும். நாங்களே டேமேஜ் பண்ணிட்டு, நாங்களே டேமேஜுன்னு எழுதணும்."

"ரப்பர் சுத்தியல்?" என்றாள் அவள். பதினோரு வருடத்தில் எங்கள் யார்டில் யாருக்கும் தோன்றாதது அது.

செலவைக் கேட்பவர்களுக்காக ஒரு வரி: அரசு மருத்துவமனை, காப்பீட்டு அட்டை. எங்களுக்கு ஆனது பஸ்ஸும் சாப்பாடும்தான்.

மூன்று மாதம் கழித்து யார்டுக்குப் போனேன். மேனேஜர் ஆபீசில் நாற்காலி போட்டு வைத்திருந்தார். நல்ல எண்ணத்தில்தான். நான் உட்காராமலே, ஆளுக்கொரு ரப்பர் சுத்தியல் வாங்கித் தாருங்கள், நான் பெட்டிக்குப் போகிறேன் என்றேன். முதலில் ஒன்று வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நான் நடந்ததைப் பார்த்து, எங்களில் மூத்த சர்வேயர் தேவராஜ் சிரித்தார். "இன்னாம்மா யசோ, மோளம் அடிக்கப் போறியா?" பீடியோடு அவர் அறைகிற அறை யார்டு முழுக்கக் கேட்கும். நான் சுத்தியலால் கைப்பிடியைத் தட்டினேன். இரண்டு அடி தேவைப்பட்டது. பரவாயில்லை.

ஒரு வாரம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தேவராஜ் பெட்டிகளுக்கு இடையே வந்து நின்றார். சிரிக்கவில்லை.

"யசோ, என் கையக் கொஞ்சம் பாரேன். ரெண்டு வெரலு ஒரு வருசமா மரத்துக்கினு கீது. வூட்ல சொல்லல."

அவர் மணிக்கட்டைப் பிடித்து, பெரிய டாக்டர் செய்ததுபோலவே இரண்டு பக்கமும் அழுத்தி, கையை மூடித் திறக்கச் சொன்னேன். சுண்டுவிரல் பக்கத்தை விட்டேன். எனக்குள் எண்ணினேன். நிறம் வந்தது, ஆனால் ரொம்ப மெதுவாக வந்தது. நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்த வெளுப்பை எனக்குத் தெரியும்.

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு பஸ் ஸ்டாப்புக்கு வந்துடுண்ணா. நான் இட்டுக்கினு போறேன்."

"சீரியஸா?"

"இப்பவே போனா இல்ல."

டாக்டரம்மாவே பார்த்தார். ஸ்கேனில் குழாய் சுருங்கியிருந்தது, இன்னும் வீங்கவில்லை. மாத்திரை கொடுத்து, பீடியை விடச் சொல்லி, இனிமேல் கையால் ஒரு கதவையும் அறையக் கூடாது என்றார். "நல்ல நேரத்துல வந்தீங்க. யார் அனுப்பினாங்க?" என்று கேட்டதற்கு தேவராஜ் என்னைக் காட்டினார்.

இப்போது யார்டில் எல்லோரிடமும் ரப்பர் சுத்தியல் இருக்கிறது. என் சுண்டுவிரல் நுனியில் இன்னும் கொஞ்சம் மரப்பு உண்டு. குளிர்ந்தால் வலிக்கும். ஆனால் ஏணியில் ஏறுகிறேன், பெட்டிக்குள் நின்று வெளிச்சம் தேடுகிறேன், எழுதுகிறேன். தேவராஜ் அண்ணன் கையில் கத்தி படவே இல்லை. அதைச் சொல்லும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிடுகிறது. வரட்டும்.